வீட்டுக் கணக்கும் கணிப்பொறியும்

ஜூன் திங்கள் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன. "விலைவாசி இப்படி ஏறிக்கொண்டே போனால் குடும்பம் நடத்துவது எப்படி?" என்பது தாயின் குரல். "கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது" என்பது பிள்ளையின் குரல். இரண்டுக்கும் இடையில் அமர்ந்திருக்கும் தந்தையோ, எதுவும் தம் செவியில் விழாததுபோல் கைப்பேசியை உற்று நோக்கிக்கொண்டிருப்பார். அவரையும் குறை கூறுவதற்கில்லை. கட்டணம், சீருடை, பாடநூல், பேருந்துச் செலவு என்று வரிசையாக வந்து நிற்கும் மாதத்தில் எவருக்கும் செவி சற்று மந்தமாகத்தான் செய்யும்.

இவ்விரண்டு குரல்களும் ஒன்றுக்கொன்று பகையானவை என்றே பலர் எண்ணுகின்றனர். ஒன்று செலவைச் சுருக்கச் சொல்கிறது. மற்றொன்று செலவு வைக்கச் சொல்கிறது. ஆனால் வீட்டுக் கணக்கையும் கணிப்பொறியையும் சேர்த்துவைக்கும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வீட்டுக்குள் முதன்முதலில் கணிப்பொறியைக் கொண்டுவந்தவர்கள் அதனிடம் கேட்ட வேலையே அடுக்களைக் கணக்குத்தான்.

அமெரிக்க நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்த ஜிம் சதர்லாந்து என்பவர், 1965, 1966ஆம் ஆண்டுகளில், வேண்டாமென்று கழிக்கப்பட்ட உதிரி உறுப்புகளைச் சேகரித்துத் தம் வீட்டின் நிலவறையில் ஒரு கணிப்பொறியைக் கட்டியெழுப்பினார். அதற்கு 'எக்கோ நான்கு' என்று பெயர். அதன் எடை ஏறத்தாழ 360 கிலோ. நான்கு பெரிய அலமாரிகளை நிறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பூதத்திடம் அவர் எதிர்பார்த்த பணிகள் யாவை? குடும்ப வரவு செலவைக் கணக்கிடுதல், கடைக்குப் போக வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுதல், வீட்டுக் கடிகாரங்களை ஓட்டுதல் ஆகியவைதாம். ஓர் இல்லத்தரசி கரித்துண்டால் சுவரில் கோடிழுத்துச் செய்துவந்த வேலையைச் செய்ய 360 கிலோ இரும்பு!

அதையும் விஞ்சிய கதை ஒன்றுண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் நீமன் மார்க்கஸ் என்னும் பெருவணிக நிறுவனம் தன் விலைப்பட்டியலில் 'அடுக்களைக் கணிப்பொறி' என்றொரு பொருளை விளம்பரம் செய்தது. ஹனிவெல் நிறுவனத்தார் செய்த அப்பொறியின் விலை 10,600 டாலர். அந்நாளில் ஒரு டாலருக்கு ஏழரை ரூபாய். ஆகவே நம் பணத்தில் 79,500 ரூபாய். காய் நறுக்கும் பலகையும் அதனுடன் இணைந்திருந்தது. சமையற் குறிப்புகளை அதில் சேர்த்துவைக்கலாம் என்றனர். ஆனால் திரையோ எழுத்துப் பலகையோ அதற்கில்லை. சிறு சிறு விசைகளை மேலும் கீழும் தட்டித்தான் அதனிடம் பேசவேண்டும். அது மினுக்கும் விளக்குகளால் விடை சொல்லும். இந்த மொழியைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சியும் விலையில் அடக்கம். இரண்டு வாரம் பயின்றபின் விளக்குகளைப் பார்த்துச் சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று அறிந்துகொள்வதைக் காட்டிலும் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டுவிடுவது எளிது அல்லவா? அப்பொறி ஒன்றேனும் விற்றதாகச் சான்றில்லை.

அதை வடிவமைத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். ஆயினும், அடுக்களையில் நிற்பவளுக்கு எது தெரியாது என்பதை அவர்கள் அறியவில்லை. அவளுக்குச் சமைக்கத் தெரியும். இருபதாம் தேதிக்கு மேல் எதைக் கொண்டு சமைப்பது என்பதுதான் அவளுடைய கேள்வி.

அக்கேள்விக்கு உதவும் கருவி பத்தாண்டுகள் கழித்தே வந்தது. 1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இருவர் 'விசிகால்க்' என்னும் மென்பொருளை ஆப்பிள் கணிப்பொறிக்காக வெளியிட்டனர். கட்டம் போட்ட கணக்கேட்டின் பக்கம் ஒன்று திரையில் தோன்றும்; ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமே மாறிக்கொள்ளும். இன்று 'எக்செல்' என்று பிள்ளைகள் சொல்வதும், 2010ஆம் ஆண்டிலிருந்து விலையின்றிக் கிடைத்துவரும் 'லிப்ரே ஆஃபீஸ்' தொகுப்பிலுள்ள 'கால்க்' என்பதும் அதன் வழித்தோன்றல்களே. பொருள்களின் பெயர்களை அதில் தமிழிலேயே எழுதலாம். துவரம்பருப்பை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித் தவிக்கத் தேவையில்லை.

இடையில் ஒன்று. 'கணிப்பொறி' என்று நாம் எழுதிப் பழகிய சொல் இன்று 'கணினி' என்று சுருங்கிவிட்டது. பொறியும் சட்டைப் பைக்குள் சுருங்கிவிட்டபடியால் சொல் சுருங்கியதில் வியப்பில்லை. நமக்கோ பழைய சொல்லே நாவில் நிற்கிறது, இளைஞர்கள் பொறுத்தருள்வார்களாக.

இனி அந்த ப்ராஜெக்ட். கல்லூரி இறுதியாண்டில் மாணவர்கள் ஒரு செய்முறைத் திட்டத்தைத் தாமே ஆக்கி அளிக்கவேண்டும் என்பது விதி. மேனிலைப் பள்ளியிலும் கணிப்பொறிப் பாடம் எடுத்தோர் சிலர் இத்தகைய சிறு திட்டங்களைச் செய்கின்றனர். விதியின் நோக்கம் நன்று, நடைமுறையோ வருந்தத்தக்கது. கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் இத்திட்டங்களை ஆயத்தமாகச் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. பணத்தைக் கட்டினால் நிரல், அச்சிட்ட அறிக்கை, அட்டை, தேர்வாளர் கேட்கக்கூடிய வினாக்களுக்கு விடை எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். பெற்றோரும் "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்று நகையை அடகு வைத்துக்கூடப் பணம் தருகின்றனர். இதை நாம் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. பிறர் செய்ததைத் தான் செய்ததாகக் கையொப்பமிட்டுத் தருவது பொய். அந்தப் பொய்யை விலை கொடுத்து வாங்குவது, விலைவாசி ஏறிய காலத்தில், இரட்டிப்பு வீண்.

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறது. தந்தை ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர். தாய் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். மூத்த மகள் கணிப்பொறி அறிவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது அவளுக்கும் இந்த ப்ராஜெக்ட் வந்து சேர்ந்தது. கடையில் கேட்ட விலை 12,000 ரூபாய். தந்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். தாய்தான், "நான் இத்தனை வருசமா நோட்டுல எழுதி வச்சிருக்கேனே, அதை உன் பெட்டியில் போட்டு ஏதாவது செய்யக்கூடாதா?" என்று கேட்டார்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கப்பட்டவை பதினோரு நோட்டுப் புத்தகங்கள். அரிசி முதல் தீப்பெட்டி வரை, வாங்கிய நாள், அளவு, விலை மூன்றும் எழுதப்பட்டிருந்தன. இவற்றுள் இரண்டாவது செய்தி முக்கியமானது. நம்மில் பலர் 'மளிகை 3,400' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். அளவு எழுதாத கணக்கில் விலை ஏறியதா, நாம் கூடுதலாக வாங்கினோமா என்று ஒருநாளும் தெரியாது.

மகளின் பேராசிரியர் அறிவுடையவர் போலும். அவளுக்கு விலைவாசிக் குறியீட்டெண் என்பதை விளக்கி, அதை உன் வீட்டுக்கே செய்துபார் என்றார். அரசு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணிக்கும் வழி அது. ஜெர்மானியப் பொருளியல் அறிஞர் எத்தியேன் லாஸ்பேர் 1871இல் சொன்ன முறையின் அடிப்படையில் அமைந்தது. செய்வது கடினமன்று. ஒரு மாதத்தை அடிப்படையாகக் கொள்ளவேண்டும். அம்மாதத்தில் குடும்பம் வாங்கிய பொருள்களையும் அளவுகளையும் ஒரு கூடையாகக் கருதவேண்டும். அதே கூடையை, ஒரு கிராமும் கூட்டாமல் குறைக்காமல், இன்றைய விலையில் வாங்கினால் எவ்வளவு ஆகும்? அத்தொகையைப் பழைய தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைப்பதே குறியீட்டெண். 116 என்று வந்தால் வீட்டின் விலைவாசி நூற்றுக்குப் பதினாறு ஏறியிருக்கிறது என்பது பொருள்.

அரசின் எண் இருக்க நமக்கேன் தனி எண் என்று கேட்கலாம். அரசின் கூடை நாட்டுக்கெல்லாம் பொதுவான கூடை. 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு நெடுநாள் வழக்கிலிருந்த குறியீட்டில், உணவுக்கும் பானங்களுக்கும் சிற்றூர்களில் நூற்றுக்கு 54 பங்கும் நகரங்களில் 36 பங்கும் அளிக்கப்பட்டிருந்தன. சிற்றூருக்கும் நகரத்துக்குமே இத்தனை வேறுபாடு என்றால், வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவருக்கும், சொந்த வீட்டில் இருவராக வாழும் ஓய்வூதியருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? செய்தித்தாளில் பணவீக்கம் குறைந்தது என்று படித்துவிட்டு, "எங்கள் வீட்டில் குறையவில்லையே!" என்று வியப்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கூடை வேறு.

இந்தக் கூடைக் கணக்கு நம் மனத்தின் ஒரு பழக்கத்தையும் வெளிப்படுத்திவிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். சென்னையில் நியாய விலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. தெருவெல்லாம் தக்காளிப் பேச்சு. ஆனால் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாதம் 6,000 ரூபாய்க்குச் சமையற்பொருள் வாங்கும் வீட்டில் ஐந்து கிலோ தக்காளி, கிலோ 30 ரூபாய் வீதம், 150 ரூபாய். விலை இரட்டித்தால் கூடுதல் செலவு 150. அதே வீட்டில் 25 கிலோ அரிசி, கிலோ 60 ரூபாய் வீதம், 1,500 ரூபாய். அரிசி கிலோவுக்கு ஆறே ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு அதே 150. தக்காளி இரட்டித்ததும் அரிசி பத்தில் ஒரு பங்கு ஏறியதும் பணப்பைக்கு ஒன்றே. தக்காளியை அன்றாடம் கையில் எடுத்து விலை கேட்கிறோம்; ஆகவே அன்றாடம் சுடுகிறது. அரிசி மூட்டை மாதத்துக்கொருமுறை வந்து மூலையில் சாய்ந்துகொள்கிறது. அதன் ஆறு ரூபாய் எவர் கண்ணிலும் படுவதில்லை. தக்காளி விலை சில வாரங்களில் இறங்கியும் விடும். அரிசி ஏறினால் அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை.

எரிவாயு உருளையும் இவ்வாறே. 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றப்பட்டது. ஓர் உருளை நாற்பது நாள் வரும் வீட்டில் ஐம்பது ரூபாய் ஏற்றம் என்பது நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய். இதனால் அது பொருட்டன்று என்று நாம் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு அஞ்சவேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா?

மகள் மூன்று வாரம் இரவில் அமர்ந்து நோட்டுகளைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினாள். அடிப்படை மாதத்தில் கூடையின் விலை 9,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து அதே கூடை 10,440 ரூபாய். குறியீட்டெண் 116. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் அம்மாதம் தாய் உண்மையில் செலவிட்ட தொகையைக் கூட்டியபோது 9,810 ரூபாய்தான் வந்தது. 630 ரூபாய் எங்கே போயிற்று? நிரலில் பிழை இருக்கவேண்டும் என்று அவள் இரண்டு நாள் தேடினாள். பிழை ஏதுமில்லை.

பொருளியலார் இதை அறிவர். லாஸ்பேருக்குப் பின் 1874இல் ஹெர்மன் பாஷே என்பவர், பழைய கூடையை விட்டுவிட்டு இன்று வாங்கும் அளவுகளைக் கொண்டே விலையை ஒப்பிடும் மற்றொரு முறையைச் சொன்னார். விலை ஏறும்போது மக்கள் அதே கூடையை வாங்குவதில்லை, சிலவற்றைக் குறைத்துக்கொள்கின்றனர். ஆகையால் பழைய கூடைக்கும் இன்றைய செலவுக்கும் இடையே ஓர் இடைவெளி விழுகிறது. பாடநூலில் அந்த இடைவெளி ஒரு சூத்திரம். ஒரு வீட்டில் அது யாரோ ஒருவர் கைவிட்ட பொருள்.

வரி வரியாகப் பார்த்தபோது அது துலங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் மீன் இல்லை: 220 ரூபாய். பாலில் மாதம் எட்டு அரை லிட்டர் பைகள் குறைவு: 200 ரூபாய். மீதி 210 ரூபாய் ஒரே வரியில் இருந்தது. 'ப்ரஷர் மாத்திரை' என்று தாய் எழுதிவந்த வரி அது. முன்பு மாதம் முப்பது மாத்திரை. அம்மாதம் பதினைந்து. அதற்கு முந்தைய நான்கு மாதங்களிலும் பதினைந்தே.

மகள் கணிப்பொறியை மூடாமலே எழுந்து சென்று தாயிடம் கேட்டாள். தாய் தையல் இயந்திரத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "அரிசியைக் குறைச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். மாத்திரையைக் குறைச்சா எனக்கு மட்டுந்தானே தெரியும்?" என்றார்.

இதைக் கேட்டபின் தந்தையார் அன்றிரவு உண்ணவில்லை என்று அம்மகள் நம்மிடம் கூறினாள். அவர் கொடுமைக்காரர் அல்லர்; குடிப்பவரும் அல்லர். சம்பளத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து மனைவி கையில் தருபவர். அதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்வதுதான் அவரைப் போன்ற நல்ல கணவர்களின் வழக்கம். கணக்கு அவளுடையது, பற்றாக்குறையும் அவளுடையது என்று ஆகிவிடுகிறது. பதினோரு நோட்டுகள் அவர் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தன. அவற்றில் ஒன்றையேனும் அவர் புரட்டியதில்லை. அவரை மட்டும் சொல்வானேன்? வாசகர்களில் ஆடவர் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்?

இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது சிக்கனம் ஆகாது. நோயின் அறிகுறி வெளியே தெரியாமலே அழுத்தம் ஏறி, மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்கலாம். பக்கவாதம் வந்தபின் ஆகும் செலவை எந்தக் கூடையிலும் அடக்க முடியாது. செலவைக் குறைக்க நேர்வழிகள் இருக்கின்றன. மருந்தின் வணிகப் பெயரை விட்டு, அதே மூலப்பொருளைக் குறைந்த விலையில் விற்கும் மக்கள் மருந்தகங்கள் பல ஊர்களில் உள்ளன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகைய மருந்துகள் கட்டணமின்றியே வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்ந்து தந்தனர். மருந்தை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்; அவ்வளவே. அந்தத் தாயும் இப்போது சுகாதார நிலையத்துக்குச் சென்று வருகிறார்.

ப்ராஜெக்ட் என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. தேர்வாளர், "இந்தத் தரவுகளை எங்கிருந்து எடுத்தாய்?" என்று வினவியபோது, அவள் நோட்டுகளையே மேசைமேல் வைத்தாளாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இனி, இவ்வேலைக்கு எத்தகைய பொறி வேண்டும் என்பதைப் பார்ப்போம். இங்கேதான் பெற்றோர் மிகவும் அச்சுறுத்தப்படுகின்றனர். கட்டம் போட்டுக் கூட்டிக் கழிப்பதற்கும் சிறு நிரல் எழுதுவதற்கும் பத்தாண்டுப் பழைய பொறியே போதும். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கி அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் உறங்குகின்றன. 'விண்டோஸ் 10'க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. பழைய பொறிகள் பலவற்றில் 'விண்டோஸ் 11' ஏறாது. அதனால் அவற்றைக் குப்பையில் எறியவேண்டும் என்பதில்லை. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் எளிய வடிவங்கள் அவற்றில் நன்றாக ஓடும், அதற்கு விலையுமில்லை. சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்புத் தட்டைப் பொருத்தினால் பொறி விழித்தெழும் வேகத்தைக் கண்டு வீட்டாரே வியப்பர்.

புதிதாக வாங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். கணிப்பொறியும் விலைவாசிக்கு விலக்கன்று. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை அறிவுக்கான மாபெரும் தரவு மையங்கள் அச்சில்லுகளை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கவே, 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவற்றின் விலை விறுவிறுவென ஏறியது. பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் 'குருஷியல்' வணிகத்தையே கைவிடுவதாக மைக்ரான் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளும் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டன் முதலியோர் 2012இல் 35 டாலருக்கு வெளியிட்ட, உள்ளங்கை அளவேயான 'ராஸ்பெரி பை' பலகையின் வழிவந்தவையும் தப்பவில்லை. 2023இல் 60 டாலருக்கு வந்த நான்கு கிகாபைட் 'ராஸ்பெரி பை 5' 2025 டிசம்பரில் 70 டாலராயிற்று. எங்கோ ஓர் இயந்திரம் மனிதரைப்போல் உரையாடக் கற்பதற்கு, நம் ஊர்ப் பிள்ளையின் கருவிக்கு விலை ஏறுகிறது. உலகம் இப்படிப் பின்னிக்கிடக்கிறது.

எனவே, "பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியதையே எனக்கும் வாங்கித் தாருங்கள்" என்று பிள்ளை கேட்டால், அதில் என்ன செய்யப் போகிறாய் என்று கேளுங்கள். படம் வெட்டி ஒட்டவும் விளையாடவும் என்றால் நல்ல விலையாகும். கணக்கிடவும் எழுதவும் என்றால் பரணைப் பாருங்கள்.

மின்சாரச் செலவையும் மறக்கலாகாது. மேசைமேல் வைக்கும் பழைய பொறியும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட். மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்தில் 30 யூனிட். 40 வாட் இழுக்கும் மடிக்கணினி அதே நேரத்துக்கு 12 யூனிட்தான் எடுக்கும். இந்தப் பதினெட்டு யூனிட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல்: தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீடு, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சலுகையை இழந்தது. 490க்கும் 508க்கும் இடையிலிருந்த அந்தப் பதினெட்டு யூனிட்டின் விலை பலருக்குப் பின்னரே புரிந்தது.

கணக்கைப் பொறியில் ஏற்றுவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். வங்கிக் கடவுச்சொல்லையும் ஏ.டி.எம். எண்ணையும் அந்தக் கோப்பில் எழுதிவைக்காதீர்கள். கோப்பின் படி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பொறி பழுதானால் பதினோரு ஆண்டுக் கணக்கும் ஒரு நொடியில் போய்விடும். நாம் மேலே சொன்ன தாய் இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார். மகள் பொறியில் எழுதட்டும். தாம் நோட்டிலும் எழுதுவதாகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டாவது நோட்டு நடந்துகொண்டிருக்கிறது. அதில் சில வரிகள் தந்தையின் கையெழுத்தில் இருப்பதாகக் கேள்வி. மீன் விலையை மட்டும் அவர் சற்றுக் குறைத்தே எழுதுகிறாராம்.

அடுத்த திங்கள் மின்கட்டணக் கணக்கையே விரித்து வைத்துக்கொண்டு பேசுவோம். வாசகர்கள் தங்கள் வீட்டின் கடைசி மூன்று கணக்கெடுப்புகளின் யூனிட்டுகளைக் குறித்து வைத்திருந்தால், படிக்கும்போதே பென்சிலால் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.